பாஸ்டர் பிடியில் பாப்டிஸ்ட் சபை: இருப்பதா, கேட்பதா, கிளம்புவதா?

சேகரத்து ஐயரோடு (வட்டாரப் போதகரோடு) ஒத்துப்போகாத ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம் பேராயர் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். மனு எடுபடாவிட்டாலும், சில வருஷத்தில் ஐயருக்கு மாறுதல் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். தனித்து இயங்கும் பாப்டிஸ்ட் சபையில் இந்த இரண்டு வழியும் கிடையாது. மேலே பேராயர் இல்லை, மாறுதல் என்ற பேச்சே இல்லை. சபையை ஆரம்பித்தவரே பாஸ்டராக இருந்தால், கண்மூடும்வரை அவர்தான். அதற்குப் பிறகு பெரும்பாலும் அவர் மகன் அல்லது மருமகன். அவர்மேல் வைத்திருந்த நம்பிக்கை உடைந்துபோனால் என்ன செய்வது என்று முழிக்கிற குடும்பங்கள் நம் ஊரில் நிறைய உண்டு.

பேசாமல் இருந்துவிட்டவர்கள், கேள்வி கேட்டவர்கள், கோர்ட்டுக்குப் போனவர்கள், வெளியேறியவர்கள் என்று எல்லா வகையினரையும் பார்த்திருக்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருமுறை முறைப்படி கேட்டுப் பார்ப்பது, பதில் வராவிட்டால் கூட்டம் சேர்க்காமல் கிளம்பிவிடுவது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாருக்கும் சரிப்படாது.

கண்டிப்பு வேறு, ஆட்டிவைப்பது வேறு

நகை போடக் கூடாது, சினிமா கூடாது, ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாக வரக் கூடாது என்று சொல்கிற பாஸ்டர் கண்டிப்பானவர். தெரிந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தோம். பிடிக்கவில்லை என்றால் அது நம் மனமாற்றமே தவிர அவருடைய குற்றம் அல்ல. ஆட்டிவைக்கிற பாஸ்டர் இன்னும் உள்ளே வருவார். பையனுக்குப் பெண் பார்த்தால் போட்டோ முதலில் அவரிடம் போக வேண்டும். பெங்களூரில் வேலை கிடைத்தது என்று சொன்னால், "அங்க நம்ம மாதிரி சபை இருக்கா தம்பி? ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்று இழுப்பார், வேலையில் சேரவேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிறு போகாவிட்டால் சாயங்காலம் போன் வரும். "காலையில சிஸ்டரைக் காணோமே?" அது அக்கறையா விசாரணையா என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் பிரசங்கம். வேறு சபையின் கன்வென்ஷனுக்குப் போய்வந்த குடும்பம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும். யோனாவில் ஆரம்பித்த செய்தி, "சில பேருக்கு வீட்டுச் சாப்பாடு பிடிக்காது, ஓட்டல் ஓட்டலா அலைவாங்க" என்று அவர்கள் தலையில் வந்து இறங்கும். பெயர் சொல்லமாட்டார். சொல்லத் தேவையும் இல்லை. பக்கத்து வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பாஸ்டரம்மா தலையைக் குனிந்துகொள்வார், அந்த வீட்டுப் பிள்ளை பைபிளைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்யும். இதைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்காது.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக எடுத்துக்கொள்கிற அடையாளம் ஒன்று உண்டு: சபையை விட்டுப் போனவர்களோடு பேசக் கூடாது என்ற கட்டளை. வாயால் சொன்னாலும் சரி, ஜாடையாகச் சொன்னாலும் சரி. மற்றதெல்லாம் சுபாவக் கோளாறு என்று தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது. போனவர்கள் வாயிலிருந்து எதுவோ வந்துவிடும் என்ற பயம் இருப்பவர்தான் இதைச் சொல்வார்.

பாப்டிஸ்ட் முறை என்ன சொல்கிறது

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு மனிதரின் பிடி கூடாது என்றுதான் பாப்டிஸ்ட் சபையே பிறந்தது. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித்தும் தாமஸ் ஹெல்விசும் தொடங்கியதை முதல் பாப்டிஸ்ட் சபை என்பார்கள். அரசனும் பேராயர்களும் விசுவாசத்தில் கைவைத்ததைப் பொறுக்காமல் இங்கிலாந்தைவிட்டு ஓடியவர்கள் அவர்கள். ஹெல்விஸ் 1612இல் திரும்பிவந்து, மனிதனின் ஆத்துமாவின்மேல் ராஜாவுக்கு அதிகாரம் இல்லை என்று முதலாம் ஜேம்ஸுக்கே எழுதினார். சிறையில் போட்டார்கள், 1616க்குள் இறந்துபோனார். விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர்கள், சபையின் முடிவைச் சபையாரே கூடி எடுக்க வேண்டும், பாஸ்டரை அழைப்பதும் அனுப்புவதும் அவர்கள் கையில் என்பதெல்லாம் அந்த வழியில் வந்த கொள்கைகள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு சபையாரிடம் விடப்பட்டதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

அப்புறம் எப்படி இந்த ராஜ்யபாரம் வந்தது? அமெரிக்காவில் ஒரு கிளை அப்படி வளர்ந்தது. டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஜே. ஃப்ராங்க் நாரிஸ் என்ற பாஸ்டர் 1926இல் தன் சபை அலுவலக அறையிலேயே ஒருவரைச் சுட்டுக் கொன்றார். செத்தவரிடம் ஆயுதம் இல்லை. தற்காப்பு என்று வாதாடி விடுதலையானார். அதன் பிறகும் அதே சபைக்குப் பல வருஷம் அவர்தான் பாஸ்டர். போதாததற்கு டெட்ராய்ட்டில் இன்னொரு பெரிய சபைக்கும் அவரே. கடைசியில் 1950இல் கூட இருந்தவர்களே அவருடைய பிடி தாங்காமல் பிரிந்துபோய் பாப்டிஸ்ட் பைபிள் ஃபெலோஷிப் என்று தனியாகத் தொடங்கினார்கள். இண்டியானாவில் ஹாமண்ட் நகரத்து முதல் பாப்டிஸ்ட் சபையின் ஜாக் ஹைல்ஸ்மேல் 1989இல் குற்றச்சாட்டுகள் வந்தபோது, விசாரிப்பதற்குப் பதிலாக ஆதரவாளர்கள் "நூறு சதவீதம் ஹைல்ஸ்" என்று நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். அவருக்குப் பின் மருமகன் ஜாக் ஷாப் வந்தார். சபையைச் சேர்ந்த, பதினெட்டு வயது நிரம்பாத பெண் சம்பந்தப்பட்ட குற்றத்துக்காக அவருக்கு 2013இல் 12 வருஷச் சிறை.

பெரிய அமைப்புகளும் இதற்கு ஒத்து ஊதின. அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் பெரிய கூட்டமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1988இல் சான் அன்டோனியோவில் கூடியபோது, விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்கள் என்ற கொள்கை பாஸ்டரின் அதிகாரத்துக்கு எதிரானது அல்ல என்று தீர்மானம் போட்டது. பிடிக்காதவர்கள் பக்கத்தில் இருந்த அலமோ கோட்டைக்கு நடந்துபோய் அந்தத் தீர்மானத் தாளைக் கிழித்தார்கள். பிறகு 2019இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள், சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ் நியூஸ் பத்திரிகைகள் இருபது வருஷக் கணக்கைத் தோண்டி, அந்த அமைப்பின் சபைகளில் 700க்கும் மேற்பட்டவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதை எழுதின. ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால் ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது, நாங்கள் தலையிட முடியாது என்பதுதான் தலைமை வெகுகாலம் சொல்லிவந்த பதில். குற்றம்சாட்டப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றை அதே தலைமை அலுவலகம் கமுக்கமாக வைத்திருந்தது 2022 விசாரணை அறிக்கையில் வெளியே வந்தது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தன்னாட்சி என்பது சபையாருக்குக் கொடுத்த உரிமை. சபையார் கூட்டம் நடக்காத இடத்தில் அது அப்படியே பாஸ்டரின் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது. ஃபோர்ட் வொர்த்திலும் அதுதான், ஆவடியிலும் அதுதான். ஆகவே உங்கள் பாஸ்டர் எவ்வளவு மோசம் என்று அளந்துகொண்டிருப்பதைவிட, அவர் சொன்னதற்கு மாறாகச் சபையார் ஓட்டுப் போட்டது எப்போதாவது நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். நடந்திருந்தால் உள்ளே வழி இருக்கிறது. நடந்ததே இல்லை, நடக்கவும் முடியாது என்றால் கணக்கே வேறு.

முதலில் காகிதத்தைப் பாருங்கள்

அதைத் தெரிந்துகொள்ள மனஸ்தாபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அலுவலக வேலை செய்ய வேண்டும். சபை எந்தப் பெயரில், எப்படிப் பதிவாகியிருக்கிறது? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் சங்கமாகப் பதிவாகியிருந்தால் துணைவிதி இருக்கும், உறுப்பினர் பட்டியல் இருக்கும், வருடாந்தரப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். டிரஸ்டாகப் பதிவாகியிருந்தால் அறங்காவலர்கள் வைத்ததுதான் சட்டம். பத்திரத்தில் எழுதியிராவிட்டால் ஞாயிறுதோறும் வந்து உட்காருகிற முந்நூறு பேருக்கும் ஓட்டு இல்லை. அறங்காவலர்கள் யார் என்று பார்த்தால் பாஸ்டர், பாஸ்டரம்மா, மூத்த மகன், ஊரில் இருக்கிற மச்சான் என்று போகும். மூன்றாவது வகை, எதுவுமே பதிவாகாமல் இடம் மட்டும் பாஸ்டர் பெயரில் இருப்பது.

இடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது இப்போது சுலபம். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் தெரிந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். சபைக் கட்டட நிதிக்கு நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்மணிகள், அந்தக் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. பார்ப்பது அவிசுவாசம் என்று நினைத்துவிடுகிறோம்.

சங்கம் என்றால் உள்ளே இருந்து கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. குடும்ப டிரஸ்ட் என்றால் நீங்கள் அங்கே உறுப்பினரே அல்ல, விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரரைத் திருத்த முடியாது. பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

பேசாமல் இருப்பது

இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். மகள் கல்யாணம் தை மாதத்துக்கு நிச்சயமாகியிருக்கிறது; அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், அவருக்கு இந்தச் சபையை விட்டால் உலகம் இல்லை; வாடகைக்கு இருப்பதே சபை மூப்பர் வீட்டில். இப்படிப்பட்டவர்களிடம் போய் தைரியமாக இருங்கள் என்பது வேலைக்காகாது. சில மாதம், ஒரு வருஷம் என்று கெடு வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது நியாயமான வழிதான். அந்தக் காலத்தில் பொறுப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட வேண்டும். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, காணிக்கை எண்ணுவது எல்லாவற்றிலிருந்தும் விலகி ஆராதனைக்கு மட்டும் போய்வரலாம். கணக்கு காட்டாத இடத்துக்கு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. அதைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10ஐக் காட்டி மிரட்டுவார்கள். அதே மல்கியாவில் முதல் இரண்டு அதிகாரங்களில் பெரும்பகுதி ஆசாரியர்களைத்தான் வறுத்தெடுக்கிறது என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

கெடு இல்லாமல் பேசாமல் இருப்பதுதான் எல்லா வழியிலும் விலை அதிகமானது. அதைப் பெரியவர்கள் கொடுப்பதில்லை, பிள்ளைகள் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பாஸ்டரைத் திட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் கைகூப்புகிற அப்பாவைப் பார்த்து வளர்கிற பிள்ளை, காலேஜ் போனதும் சபையை மட்டும் விடுவதில்லை, சேர்த்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது. நான் பார்த்த அளவில் இதற்கு விதிவிலக்கு குறைவு.

உள்ளே இருந்து கேட்பது

சபையார் கூட்டம் உண்மையாகவே நடக்கிற இடமாக இருந்தால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். நடக்கிறது என்று சொல்வதற்கும் நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். ஆராதனை வழக்கத்தைவிட நீண்டு, பின்பக்கம் பிரியாணி அண்டா திறந்த வாசனை வர ஆரம்பித்த பிறகு, பொருளாளர் எழுந்து மொத்த வரவு, மொத்தச் செலவு என்று இரண்டு எண்களை வாசித்தார். "சபையார் இதை ஏற்றுக்கொள்கிறீர்களா? எல்லாரும் ஆமென் சொல்லுங்க." ஆமென். அவ்வளவுதான் கூட்டம். பின்னால் இருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் கை தூக்கினார். "ஐயா, அதை அப்புறம் தனியா பேசிக்கலாம்" என்றார் பாஸ்டர். தனியாகப் பேசியதாக எனக்குத் தகவல் இல்லை.

ஆகவே கேட்பதானால் எழுத்தில் கேளுங்கள். மத்தேயு 18:15–17 சொல்கிற வரிசை பாஸ்டர்கள் நமக்குப் பிரசங்கிப்பதுதான்: முதலில் தனியாக, பிறகு இரண்டு மூன்று பேரோடு, அதன் பிறகு சபையில். அதே வரிசையில் நீங்களும் போகலாம். மூப்பருக்கு விரோதமான புகாருக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. அதைச் சொல்லி வாயை அடைப்பவர்கள் அடுத்த வசனத்துக்குப் போவதில்லை. பாவம் செய்தவர்களை எல்லார் முன்னாலும் கண்டிக்கச் சொல்வது 20ஆம் வசனம். கேட்பது சுபாவத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "நீங்கள் எங்களை அடக்குகிறீர்கள்" என்று எழுதினால் பதில் கண்ணீரும் ஜெபமுமாகத்தான் வரும். தணிக்கை செய்த கணக்கு, துணைவிதியின் நகல், உறுப்பினர் பட்டியல், அடுத்த பொதுக்கூட்டத்தின் தேதி என்று, உண்டு இல்லை என்று பதில் சொல்லக்கூடியவற்றை மட்டும் கேளுங்கள். நல்ல பாஸ்டராக இருந்தால் சங்கடப்படுவார், கொஞ்சம் கோபப்படுவார், பிறகு கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுத்த சபைகளும் உண்டு. மூன்று பேர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தால் கணக்குக் குழு வந்த சபையையும் எனக்குத் தெரியும். அந்தக் குடும்பங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

மோசமானவராக இருந்தால் இரண்டு வசனங்கள் வரும். ஒன்று, நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபிரெயர் 13:17. இன்னொன்று, அபிஷேகம்பண்ணினவரைத் தொடாதே. இந்த இரண்டாவது வசனம் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அது வருகிற சங்கீதம் 105ஐ எடுத்துப் படித்தால், கேள்வி கேட்ட விசுவாசிக்கு அங்கே எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு நாடோடிகளாக அலைந்தபோது அவர்களைத் தொடாதே என்று ராஜாக்களைக் கடிந்துகொண்டதாகத்தான் இருக்கிறது. அதாவது அதிகாரம் உள்ளவனுக்கு, அதிகாரம் இல்லாதவனைத் தொடாதே என்று. தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுல் குகைக்குள் தனியாகச் சிக்கியபோதும் தாவீது அவர்மேல் கைபோடவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் குகைக்கு வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து அறுத்த தொங்கலைக் காட்டி, எல்லார் காதிலும் விழ நியாயம் கேட்டார். சவுலின் அரண்மனைக்குத் திரும்பிப் போகவும் இல்லை. பதிலுக்குப் பதில் வசனம் சொல்லி ஜெயிக்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அப்படி ஜெயித்தவர் யாரும் இல்லை. ராத்திரி படுக்கும்போது, நாம்தான் தேவனுக்கு விரோதமாகப் போகிறோமோ என்று ஒரு பயம் வரும். அதற்காகச் சொல்கிறேன்.

கேட்டவர்களுக்குத் திருவிருந்து மறுப்பதும், பெயரை மேடையில் வாசித்து நீக்குவதும் நடக்கும். யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்புவும் இதைத்தான் செய்தான்: சகோதரரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொண்டவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளினான். கேட்பதற்கு முன்பே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, நீக்கினால் தாங்குவோமா என்று பேசிவிட வேண்டும். மனைவிக்கு விருப்பமில்லாமல் கணவர் போட்ட கையெழுத்தால் வீடு இரண்டுபட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தை நாடுவது

சங்கமாகப் பதிவான சபையில் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனு கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்த 1975 சட்டத்தில் இடம் உண்டு. சொத்து விவகாரம் சிவில் கோர்ட்டுக்குப் போகும். வருஷக்கணக்கில் இழுக்கும், இரண்டு தரப்பும் வக்கீலுக்குக் காணிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆராதனைக்குப் போலீஸ் பந்தோபஸ்து வரும். கட்டட நிதியாகப் பெரும் தொகை போயிருந்தால் ஒழிய நான் யாருக்கும் இதைச் சொல்வதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் சட்டம்தான் முதல் வழி, வேறு வழியே இல்லை. பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடந்திருந்தால் அதைச் சபைக்குள் பேசித் தீர்ப்பது என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012இன்படி தெரிந்தவர்கள் புகார் செய்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள், அல்லது நேராகக் காவல் நிலையம் போங்கள். மத்தேயு 18இன் வரிசை அங்கே பொருந்தாது. "சபையின் சாட்சி கெட்டுப்போகும்" என்று யார் வந்து சொன்னாலும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

கிளம்பினால் எங்கே?

கிளம்புவது என்று முடிவெடுத்தவர்கள் அவசரத்தில் செய்வது, நல்ல பிரசங்கியாரைத் தேடிப் போவது. ஆறு மாதம் சொர்க்கமாக இருக்கும். பிறகு அதே கதை, வேறு குரலில். பிரசங்கத்தை யூடியூபில் கேட்டுக்கொள்ளலாம். சபையைத் தேடும்போது, அங்கே பாஸ்டரிடம் "இல்லை ஐயா" என்று யார் சொல்ல முடியும் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு பாப்டிஸ்ட் சபை என்றால் உபதேசம் மாறாது, பிள்ளைகளுக்குப் பாட்டு மாறாது, முழுக்கு ஞானஸ்நானம் பற்றி வாக்குவாதம் இல்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்திலும் சென்னையிலும் மிஷனரி காலத்துப் பழைய பாப்டிஸ்ட் சபைகள் உண்டு. வேலூரில் தொழுநோய் அறுவைச் சிகிச்சையால் பேர்பெற்ற டாக்டர் பால் பிராண்டின் பெற்றோர் கொல்லிமலையில் ஊழியம் செய்ததும் ஒரு பாப்டிஸ்ட் மிஷன் வழியாகத்தான். பாஸ்டர் சபையை ஆரம்பித்தவர் அல்ல, சபை பாஸ்டரை அழைத்தது என்ற நிலை இருக்கிற இடமாகப் பாருங்கள். சிக்கல் என்னவென்றால் பாப்டிஸ்ட் வட்டம் சின்னது. பழைய பாஸ்டர் புது பாஸ்டருக்குப் போன் போட்டு, "அந்தக் குடும்பம் கொஞ்சம் பிரச்சினை, பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார். நீங்களே முதலில் போய் நடந்ததைச் சொல்லிவிடுவது நல்லது, சுருக்கமாக.

சிஎஸ்ஐக்குப் போவது பல பேருக்கு மானக்கேடாகத் தோன்றுகிறது. உயிர்மீட்சி இல்லாத சபை என்று அத்தனை வருஷம் கேட்டு வளர்ந்த காது. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து அது உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. வடக்கே 1970இல் அமைந்த சிஎன்ஐயில் (வட இந்தியத் திருச்சபை) அவர்களில் ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள். அங்கே குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு, பாப்டிஸ்டுகள் அதை ஏற்பதில்லை; இந்தக் கொள்கை வித்தியாசம் உண்மையானது, பேரப்பிள்ளை பிறக்கும்போது வீட்டில் பேச்சு வரும். தேர்தல், கட்சி, வழக்கு என்று அங்கேயும் சேறு குறைவில்லை. 2024இல் சினாட் என்ற தலைமை மன்றத்தின் நிர்வாகத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்கும் அளவுக்குப் போனது. இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே நடக்கிற அசிங்கம் எல்லாருக்கும் தெரிகிற அசிங்கம். ஐயர் உங்கள் மகனின் வேலையைத் தீர்மானிக்கமாட்டார், அவருக்கு அதற்கு நேரம் இல்லை. ஆட்டிவைக்கப்பட்டுக் களைத்துப்போன ஒரு குடும்பத்துக்கு, யாரும் கண்டுகொள்ளாத கடைசி வரிசை பெஞ்சு சில வருஷத்துக்கு மருந்தாக இருக்கிறது.

பெந்தெகொஸ்தே பக்கம் போகிறவர்கள் அங்கே கிடைக்கும் பாசத்தில் கரைந்துபோகிறார்கள். நல்ல சபைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாப்டிஸ்ட் பாஸ்டர் வசனத்தைக் காட்டித்தான் ஆட்டிவைக்க முடியும். வசனத்தை நீங்களும் படித்துப் பதில் சொல்லலாம். தீர்க்கதரிசனம் உரைத்து ஆட்டிவைக்கிறவரிடம் அந்த வாய்ப்பும் இல்லை. ஏற்கெனவே அடிபட்டவர்களுக்கு உடனே அங்கே போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெளியே வந்த நாலைந்து குடும்பங்கள் வீட்டில் கூடி ஜெபிப்பதும் நடக்கிறது. ஆரம்பத்தில் நன்றாக இருக்கும். பேச்சில் பாதி பழைய பாஸ்டராகவே இருக்கும். அது நின்றபிறகும் கூடுவதற்கு விஷயம் இருக்கிறதா என்பதில்தான் தெரியும். இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று கல்யாணம். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872இன்படி பேராயரிடம் அபிஷேகம் பெற்ற குருமார் தவிர மற்றப் போதகர்கள் அரசின் லைசென்ஸ் வைத்திருந்தால்தான் திருமணம் நடத்திவைக்க முடியும். வீட்டுக் கூட்டத்தை நடத்துகிற பிரதருக்கு அது இருக்காது. லைசென்ஸ் உள்ள வேறு பாஸ்டர் ஒருவரோ, அந்தச் சட்டத்தின் திருமணப் பதிவாளரோ, 30 நாள் நோட்டீஸ் கொடுத்துச் சிறப்புத் திருமணச் சட்டமோ ஏதாவது ஒன்று ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யக்கூடியதுதான், கல்யாண வாரத்தில் கண்டுபிடிக்கக் கூடாது. கிராமத்தில் இருப்பவர்கள் கல்லறைத் தோட்டம் யாருடையது, யார் கடிதம் கேட்பார்கள் என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வயசான அப்பா அம்மா இருக்கும் வீட்டில் இந்தக் கவலை வெறும் கவலை அல்ல.

கொஞ்ச நாள் எங்கேயும் போகாமல் இருப்பது பாவமா என்று சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். சில மாதம் வீட்டில் பைபிள் படித்துக்கொண்டு, ஞாயிறு காலை பிள்ளைகளோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருங்கள். ஒன்றும் ஆகாது. தூக்கம் திரும்பிய பிறகு தேடினால் நல்ல இடம் கண்ணில் படும்.

கிளம்புகிற முறை

ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணப் பதிவு நகல், பிள்ளைகளைப் பிரதிஷ்டை செய்த தேதி எல்லாவற்றையும் கேள்வி கேட்பதற்கு முன்பே வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் பொறுப்பாளர் ஊரில் இருக்கமாட்டார். வேறு சபையில் சேர மாற்றுக் கடிதம் கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அது இல்லாமல் சேர்த்துக்கொள்ளாத சபை நமக்கு வேண்டாம். விலகல் கடிதம் நாலு வரி போதும்: இந்தத் தேதி முதல் உறுப்பினர் அல்ல, இத்தனை வருஷம் போதித்ததற்கு நன்றி. நாலு பக்கம் எழுதினால் நாலு பிரசங்கத்துக்கு உதவும். வாட்ஸ்அப் குரூப்பில் விளக்கம் போடாமல் வெளியேறுங்கள். உள்ளே இருக்கிற சிநேகிதர்களைக் கையோடு இழுத்துக்கொண்டு வரவேண்டாம். சபையைப் பிளந்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் போகிற இடத்திலும் கூட வரும். அதோடு, அவர்கள் நம் கோபத்தை நம்பி வந்தவர்களாக இருப்பார்கள், நாளைக்கு நம்மிடமே முறையிடுவார்கள். வீட்டுக் கதவு மட்டும் திறந்திருக்கட்டும். பேசக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களில் ஒருவர் என்றைக்காவது பின்வாசல் வழியாக ஒரு டம்ளர் காபிக்கு வருவார், "நீங்க எப்படிப் போனீங்க அக்கா?" என்று கேட்க.

புதிய சபையில் சேருவதற்கு முன்னால் துணைவிதியின் நகல் ஒன்று கேளுங்கள். போன பொதுக்கூட்டம் எப்போது நடந்தது, அதில் யாராவது எதிர்த்து ஓட்டுப் போட்டார்களா என்றும் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் எதுக்கு பிரதர், நாங்க குடும்பம் மாதிரி" என்று பதில் வந்தால், காபியைக் குடித்துவிட்டு அடுத்த சபையைப் பார்க்கப் போகலாம்.